300 சிப் போக்கர் பெட்டி: சின்னப் பந்தயத்துக்குச் சில்லறை போதுமா?

பினாங்கில் பேரங்காடிக் கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைப்பது, அலுமினியப் பெட்டியில் வரும் 300 சிப் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) செட். ஒரு சிப் 11.5 கிராம், உள்ளே உலோகத் தகடு, வெளியே பிளாஸ்டிக். கைக்கு நல்ல கனம். ஆனால் வாங்குமுன் பார்க்க வேண்டியது நிறக் கணக்கைத்தான். வெள்ளை 100, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு தலா 50 என்று இருக்கும் பெட்டியை எடுங்கள். எண் அச்சிடாததே மேல். மதிப்பை நாமே வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை 25, சிவப்பு 100, நீலம் 500, பச்சை 1000. பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; சிறியது ஸ்மால், பெரியது பிக்) 25/50, தொடக்கத்தில் ஆளுக்கு 5000. வெள்ளை 8, சிவப்பு 8, நீலம் 4, பச்சை 2 என்று பிரித்தால் ஆறு பேருக்கே சிவப்பு 48 போய்விடும். வெள்ளை 12, சிவப்பு 7 ஆக்குங்கள். தொகை அதேதான், ஏழு பேர் வரை தாங்கும். எட்டாவது ஆள் வந்தால் 500 செட்தான்.

சில்லறைக்கு ஏன் இத்தனை கவலை? பட்டனில், அதாவது சீட்டுப் போடுபவர் இடத்தில் இருப்பவர், 125க்கு ரெய்ஸ் செய்கிறார் (தொகையை உயர்த்துகிறார்), பிக் பிளைண்ட் வைத்தவர் மட்டும் கால் (அதே தொகையை வைத்துத் தொடர்கிறார்). பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்), ஸ்மால் பிளைண்டின் 25 உட்பட, 275. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) ராஜா, 7, 2, மூன்றும் மூன்று இனம். ரெய்ஸ் செய்தவர் இங்கே 100 பெட் (பந்தயம்) போட்டாலே போதும். எதிராளி நாலில் ஒரு தடவைக்குச் சற்று மேல், அதாவது 26.7 சதவீதம் ஃபோல்டு செய்தால் (சீட்டைக் கைவிட்டால்) வெறுங்கை பெட்டும் நட்டமாகாது. ஜோடியும் இல்லாமல் டிராவும் (இன்னொரு சீட்டு வந்தால் சேரக்கூடிய கை) இல்லாமல் பிக் பிளைண்டில் உட்கார்ந்திருக்கும் கைகள் இந்த ஃப்ளாப்பில் ஏராளம். கையில் சிவப்பு தீர்ந்துபோனவரோ நீலத்தைத் தூக்கி வைப்பார். வாய் திறந்து "நூறு" என்று சொல்லாமல் ஒரே ஒரு 500 சிப்பை வைத்தால், போட்டி விதிப்படி அது 500 பெட். அந்த பெட் நிற்க 65 சதவீத ஃபோல்டு வேண்டும். சிப் பற்றாக்குறை ஆட்டத்தையே கெடுப்பது இப்படித்தான்.

எல்லா ஃப்ளாப்புக்கும் சின்ன பெட் ஆகாது. 9, 8, 7 வந்து அதில் இரண்டு ஹார்ட்ஸ் என்றால், 100க்குக் கால் செய்ய எதிராளிக்கு 21 சதவீத வெற்றி வாய்ப்பு போதும். ஃப்ளஷ் டிராவுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சேர ஒன்று மட்டும் குறையும் கைக்கு) அடுத்த ஒரு சீட்டிலேயே 19 சதவீதம் இருக்கிறது. பின்னால் வெல்லக்கூடிய சிப்பையும் சேர்த்தால் அவருக்கு லாபமே. அங்கே 200 போடுங்கள், தேவை 30 சதவீதத்துக்கு ஏறும். ஆட்டத்தில் மூன்று பேர் மிச்சம் இருந்தாலும் சின்ன பெட் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இருவருமே ஃபோல்டு செய்ய வேண்டுமே.

பணம் மட்டும் வைக்காதீர்கள். 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. புள்ளிக்கு ஆடினாலும் கணக்கு இதேதான்.

சிப்பின் குறை வழுக்கல். புதுச் சிப்பை இருபதாக அடுக்கினால் சரிந்து விழும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே காய வைத்தால் வழவழப்பு குறையும். தீபாவளிக்கு முறுக்கு தின்ற கையோடு ஆடினால் மறுபடி துடைக்க வேண்டியதுதான். மேசைக்கு லிட்டில் இந்தியா துணிக்கடையில் சற்றே தடித்த வெல்வெட் வாங்கி இறுக்கி விரியுங்கள். கண்ணாடி மேசையில் சிப் நிற்காது. மதிப்பு ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், விரல் பட்டுப் பட்டு ஓரம் கிளம்பிவிடும். மதிப்பை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தால் போதும்.

பெட்டியோடு வரும் இரண்டு காகிதச் சீட்டுக்கட்டும் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் வளைந்துவிடும். வளைந்த சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். முழு பிளாஸ்டிக் கட்டு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.