இரண்டு சாக்கெட் சர்வர் வேண்டுமா? ஒரு திருப்பூர் அனுபவம்

எங்கள் பனியன் கம்பெனியில் நூல் வாங்குவது முதல் ஷிப்மெண்ட் வரை எல்லாக் கணக்கும் ஒரே சர்வரில்தான் ஓடுகிறது. 2019-இல் வந்த, இன்டெல்லின் சர்வர் பிராசசரான ஸியான் ஸ்கேலபிளின் இரண்டாம் தலைமுறை. போர்டில் இரண்டு சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம் இரண்டு. "இப்போதைக்கு ஒரு பிராசசர் போதும், ஆர்டர் கூடினால் இன்னொன்று போட்டுக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். ஈரோடு, கோவைப் பக்க மில்களிலும் இதே பேச்சுதான். பல வருடம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், நம் அளவு கம்பெனிக்கு ஒரு சாக்கெட் சர்வரே நல்லது.

ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும், கார்டு ஸ்லாட்டுகளுக்கான பாதைகளான பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களும் பிராசசருக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் காலி சாக்கெட் பக்கத்து ராம் ஸ்லாட் எதுவும் வேலை செய்யாது. நெட்வொர்க் கார்டு ஒன்று செருகினோம், சர்வர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஸ்லாட் இரண்டாவது சாக்கெட்டோடு இணைந்தது. கொட்டேஷனில் இதை யாரும் எழுதுவதில்லை.

அப்புறம் அதே மாடல் பிராசசரைத் தேடிப் பிடித்துப் போட்டோம். சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு வேகமாகும் என்று பார்த்தால், மெதுவானது. டேட்டாபேஸ் இரண்டு பிராசசரிலும் பரவி, பாதி டேட்டாவை அடுத்த பக்கத்து ராமிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிராசசருக்கும் தன் பக்கத்து ராம் வேகம், அடுத்த பக்கத்து ராம் மெதுவு. நூமா (NUMA) என்பது இதுதான். டேட்டாபேஸுக்குக் கொடுத்த கோர்களை (பிராசசருக்குள் இருக்கும் கணிப்பு அலகுகளை) குறைத்து, ஒரே பிராசசருக்குள் அடக்கியதும் வேகம் வந்துவிட்டது. விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் கோர் கணக்கில் என்பதால், இரண்டாவது பிராசசர் போட்டதில் அந்தச் செலவும் ஏறியது.

பிறகு மேம்படுத்தலாம் என்ற கணக்கும் நிற்கவில்லை. 2021-இல் வந்த ஸியான் தலைமுறைக்கு சாக்கெட் மாறியது, 2023-இல் சாக்கெட்டோடு, போர்டில் இருக்கும் துணைச் சிப்பான சிப்செட்டும் மாறியது. ஸியான் 6-இன் இரண்டு சாக்கெட் மாடல்களில் தனி சிப்செட்டே கிடையாது. இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் சர்வர் பிராசசர் எபிக்கில் 2017 முதலே அப்படித்தான். அதன் எஸ்பி5 சாக்கெட்டில் 2022-இல் வந்த ஜெனோவா தலைமுறையும் 2024-இல் வந்த டூரின் தலைமுறையும் உட்காரும், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும். ஒற்றை பிராசசரிலேயே 128 லேன் கிடைக்கிறது. இரண்டு போட்டால் அது இரட்டிப்பாவதில்லை, ஒரு பங்கு பிராசசர்களுக்கு இடையிலான இணைப்புக்கே போய்விடும். அடுத்த தலைமுறையான வெனிஸில் 256 கோர் வரை வரும் என்று ஏஎம்டி 2025-இல் அறிவித்தது. இதற்கு மேல் இரண்டாவது சாக்கெட் நமக்கு எதற்கு?

அடுத்த கொட்டேஷனுக்கு, ஒரு சாக்கெட்டுக்கு மட்டுமான 'பி' மாடல் எபிக்தான் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு மெமரி சேனலும் (பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான வழிகள்) நிறைகிற மாதிரி ராமைப் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.