மிகுபுனைவு எழுத ஒப்சிடியன்: உலகம் கட்டலாம், அங்கேயே குடியேறிவிடக் கூடாது

மந்திரமும் கற்பனை அரசுகளும் வரும் மிகுபுனைவு நாவலுக்கான உலகத்தைக் குறிப்பெடுத்து வைக்க ஒப்சிடியன் நல்ல செயலி. சிறுகதைக்கு அது தேவையே இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி போதும். மூன்று அரசுகள், இரண்டு தலைமுறை, ஒரு மந்திர முறை என்று கதை விரிந்தபிறகுதான் கொப்பி காலை வாரும். ஆறாம் அதிகாரத்தில் இடது கண் தெரியாத படகோட்டிக்குப் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வலது கண் தெரியாது.

செயலி இலவசம். 2025இலிருந்து தொழில்ரீதியாகப் பயன்படுத்துபவர்களும் பணம் கட்ட வேண்டிய கட்டாயமில்லை. எழுதுவதெல்லாம் நமது கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். நாளைக்குச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். இணையமும் வேண்டாம். 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட ஊரில் இது சின்ன விஷயமல்ல. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதாக அமைச்சரே சொன்னார். மிகுபுனைவில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

இனித் தமிழில் எழுதுபவருக்கே உரிய தலையிடி. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை இட்டால் அது இணைப்பாகும், அழுத்தினால் அந்தப் பெயருக்குரிய குறிப்பு திறக்கும். நமது பெயர்களோ வேற்றுமை உருபு ஏறியதும் உருமாறிவிடும். [[அகலி]] என்ற நகரத்துக்குப் பின்னால் 'யின்' என்று ஒட்டினால் போதும். [[ஆதவன்]] என்பதற்குப் பின்னால் அப்படி ஒட்ட முடியாது, புள்ளி குறுக்கே நிற்கும். 'பாறைக்காடு' 'பாறைக்காட்டில்' ஆகும், 'நாகம்' 'நாகத்தை' ஆகும். அப்போது [[பாறைக்காடு|பாறைக்காட்டில்]] என்று நடுவில் நெடுங்கோடு போட வேண்டும். இடப்பக்கம் குறிப்பின் பெயர், வலப்பக்கம் வாசகர் காணும் சொல். அதிகம் வரும் வடிவங்களைக் குறிப்பின் தலைப்பகுதியில் அலியஸாக, அதாவது மாற்றுப் பெயராகச் சேர்த்துவிட்டால், இரண்டு அடைப்பைத் தட்டி முதல் சில எழுத்தை அடித்ததும் அந்த வடிவமே பட்டியலில் வந்து நிற்கும். அதிகாரத்தின் உடலில் ஒவ்வொரு பெயருக்கும் இணைப்புப் போடுவது வீண்வேலை. ஒவ்வொரு அதிகாரத்தின் அடியிலும் ஒரு வரியில் அதில் வருபவர்கள், இடங்கள் எல்லாவற்றையும் எழுவாய் வடிவில் இணைத்துவிட்டால் கதை வரிகள் சுத்தமாக இருக்கும்.

தேடலிலும் இதே கதைதான். 'நாகம்' என்று தேடினால் 'நாகத்தை' சிக்காது, 'நாக' என்று வெட்டித் தேட வேண்டும். கோப்புப் பெயரையும் குறுக்கிக் கொள்ளுங்கள். அன்ட்ரொயிட் போனில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனியே மூன்று பைட் எடுக்கும். 'மந்திரம்' நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்கு எட்டுக் குறி, இருபத்துநான்கு பைட். 'வடக்குத் தீவின் மூன்றாம் அரச வம்சத்தின்...' என்று தலைப்பிட ஆரம்பித்தால் லப்டொப்பில் சேமிக்கும் கோப்பு போனில் வந்து மாட்டிக்கொள்ளும்.

யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். கை பாமினித் தட்டச்சுக்குப் பழகியிருந்தால் அதை மாற்றத் தேவையில்லை, ஈ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் அதே விசை அமைப்பில் யுனிகோடு தரும்.

உலகம் கட்டும் வேலைக்கு வருவோம். ஒப்சிடியனின் விளம்பரப் படங்களில் முதலில் கண்ணில் படுவது கிராஃப் வியூ, குறிப்புகள் எல்லாம் புள்ளிகளாகி வலைபோல விரியும் படம். பார்க்க அழகு. எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய பொறி இல்லை. புள்ளி கூடக் கூட வேலை நடக்கிற மாதிரி இருக்கும், நாவலில் ஒரு பந்தியும் கூடியிருக்காது. 'இந்த உலகம் இன்னும் நம்பும்படியாக இல்லை' என்ற பயம் வரும்போதெல்லாம் இன்னொரு கடவுளையும் இன்னொரு நாணயத்தையும் உருவாக்கிக்கொண்டே போகலாம், எழுதத் தொடங்கும் நாளைத் தள்ளிக்கொண்டே போகலாம். கிராஃப் வியூவை நிறுத்தி வைப்பதே நல்லது. அமைப்புகளில் கோர் பிளகின் (செயலியோடு வரும் வசதிகள்) பட்டியலில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு.

அதற்குப் பதிலாக, குறிப்புகளை அட்டவணையாகக் காட்டும், 2025இல் வந்த பேசஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு குறிப்பின் தலைப்பகுதியிலும் மூன்று புலங்கள் போதும்: விதி, விலை, அதிகாரம். உப்பை நாவில் வைத்திருப்பவர் பொய் சொல்ல முடியாது என்று ஓர் உலகம் இருக்கிறது என வைப்போம். விதியில் அந்த ஒரு வரி. விலையில், சாட்சி சொன்னவருக்கு மூன்று நாள் நாக்கில் சுவை தெரியாது. அதற்கு மேல் வரலாறு தேவையில்லை, மிச்சத்தை விதியே இழுத்து வரும். நீதிமன்றம் உப்பில் நடந்தால் உப்பளம் அரசன் கையில்தான் இருக்கும். ஆனையிறவுப் பக்கம் உப்பு விளைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் காலத்தில்தான் அறுவடை, மழை முந்தினால் பாத்தியில் உள்ளதும் கரையும். அப்படியானால் மாரியில் வழக்குகள் தேங்கும், கள்ள உப்பு வரும், மணல் கலந்த உப்பை நாவில் வைத்தவன் பாதிப் பொய் சொல்வான். கதை அங்கேயே கிடைத்துவிட்டது.

'அதிகாரம்' புலத்தில் இந்த விதி எந்த அதிகாரத்தில் வேலை செய்கிறதோ அந்த எண். பேசஸில் ஒரு அட்டவணை உருவாக்கி, அந்தப் புலம் வெறுமையாக உள்ளவற்றை மட்டும் காட்டு என்று வடிகட்டி போடுங்கள். வருகிற பட்டியல் முழுக்க, கதைக்கு இன்னும் வேண்டியிராத உலகம். பட்டியல் நீண்டால் அடுத்து எழுத வேண்டியது காட்சி, குறிப்பல்ல. 'என் உலகம் போதுமா?' என்ற கேள்விக்கு மனநிலையைப் பொறுத்துப் பதில் மாறும், இந்தப் பட்டியல் மாறாது.

சந்தேகம் பிடித்த எழுத்தாளருக்கு இந்தச் செயலியில் மிகவும் உதவுவது, யாரும் விளம்பரம் செய்யாத இரண்டு சின்ன வசதிகள். ஒன்று, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே எழுதுவது வாசிப்பு முறையில் தெரியாது. %%இந்தச் சண்டை சோர்வாக இருக்கிறது%% என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். ஆனால் 'எல்லாமே மோசம்' என்று எழுதினால் பின்னால் திருத்த ஒன்றும் இருக்காது. 'அவள் ஏன் வாளை எடுக்கிறாள் என்று தெரியவில்லை' என்ற அளவுக்காவது குறிப்பாக இருக்க வேண்டும். முதல் வரைவு முடிந்ததும் சதவீதக் குறியைத் தேடினால் திருத்த வேண்டியவை எல்லாம் வரிசையாக வரும்.

மற்றது ஃபைல் ரிகவரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களைப் பிரதி எடுத்து ஏழு நாள் வைத்திருக்கும். இரவு ஒரு மணிக்கு அதிகாரத்தின் பாதியை அழித்தவர் காலையில் பழைய பிரதியைத் திறந்து மீட்கலாம். ஏழு நாள் போதாது, முதல் வேலையாக அதைக் கூட்டிவிடுங்கள். பிரதிகள் எழுதிய கருவியிலேயேதான் கிடக்கும், போனில் அழித்ததை லப்டொப்பில் தேடிப் பயனில்லை. அழிக்கும் கோப்புகள் எங்கே போக வேண்டும் என்ற அமைப்பில் 'நிரந்தரமாக' என்பதை மட்டும் தொடாதீர்கள்.

போனுக்கும் லப்டொப்புக்கும் இடையே ஒத்திசைக்க ஒப்சிடியன் நிறுவனமே விற்கும் சேவைக்கு, ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் மாதம் நான்கு டொலர் கணக்கு. எழுத்து மட்டுமென்றால் அதில் வரும் ஒரு ஜிகாபைட் ஒரு தொடர் நாவலுக்கே மிச்சம். ஆனால் டொலரில் அட்டைவழி கட்ட வேண்டும், ரூபா இறங்கினால் தொகை ஏறும். ஐபோனும் மக்கும் வைத்திருப்பவர்கள் ஐகிளவுட் கோப்புறையில் வைத்தால் இலவசமாகவே முடியும். மற்றவர்கள் லப்டொப்பில் மட்டும் நாவலை எழுதி, பஸ்ஸில் தோன்றுவதைப் போனில் வேறு குறிப்பாக எடுத்துப் பிறகு ஒட்டிக்கொள்வதே மேல். வாரம் ஒருமுறை முழுக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.