லொறியில் வந்த வண்டி: பதினொரு மாதமும் ஒரு சைட் ஸ்டாண்டும்

நேற்றுப் பின்னேரம்தான் வண்டியைக் கராஜிலிருந்து எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவுவதற்குள் சித்தியின் மகனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில் வேலை செய்கிறான். அங்கேயே புது மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டிவிட்டானாம். "அண்ணா, உங்கட வண்டியைக் கொண்டுவந்த லொறிக்காரற்ற நம்பரை ஒருக்கா அனுப்புங்கோ. நல்ல மனுசன் எண்டு சொன்னீங்கள்தானே?"

சொன்னேன்தான். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் நம்பரை அனுப்பக் கை வரவில்லை. ஏன் என்று அவனுக்கு எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. புது வண்டியைத் தூரத்திலிருந்து கொண்டுவர நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் பழைய வண்டியும் திருகோணமலைக்குப் பக்கத்தில் எங்கள் நிலாவெளியின் உப்புக் காற்றில் சைலன்சர் ஓட்டை விழுந்து கிடந்தது. திருகோணமலையில் கேட்ட இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள், கொழும்பில் கையிருப்பு இருந்தது. ஜூன் மாதம் போய் வாங்கினேன். 150 சிசி, டபுள் ஸ்டாண்ட் (வண்டியைச் சாயாமல் நிமிர்த்தி நிறுத்தும் நடு ஸ்டாண்ட்) இல்லாத வகை. இந்தக் கடைசி விபரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி வரத்தான் முதலில் ஆசை. அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டா. ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் காட்டு வீதியில் யானை நிற்கும், புது வண்டியில் தனியே வராதே என்றா. புது எஞ்சினை முதல் 1000 கிலோமீற்றருக்கு இழுத்து ஓட்டக் கூடாது என்ற பயம் எனக்கும் இருந்தது. அதோடு ஒரு நாள் லீவுதான் மிச்சம். ரயிலில் போடுவது பற்றியும் விசாரித்தேன். பெற்றோலை முழுதாக வடித்துவிட்டு, கொழும்புக் கோட்டை நிலையத்தில் பார்சலாகப் பதிய வேண்டும், இங்கே திரும்ப நிலையத்துக்குப் போய் எடுக்க வேண்டும். ஒரு நாள் லீவுக்குள் அது அடங்காது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் புறக்கோட்டையிலிருந்து இங்கே கடைச் சாமான் ஏற்றிவரும் லொறி ஒன்றைப் பற்றி ஒரு நண்பன் சொன்னான். 9,000 ரூபாய், வீட்டு வாசல்வரை. அந்த அண்ணையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்கு வந்தார். குருநாகலில் தேநீர் குடிக்க நின்றபோது அழைத்தார், தம்புள்ளையில் அழைத்தார். அக்போபுர தாண்டியபோது, "தம்பி, யானை ஒண்டு றோட்டில நிக்குது, பத்து நிமிசம் பிந்தும்" என்று அதற்கும் அழைத்தார். விடிய நாலரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் லொறி வராமல் சந்தியில் நின்றது. அவரும் உதவியாளரும் பலகை வைத்து இறக்கி, வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுத்தான் போனார்கள். அதற்கு மேலதிகமாக ஒரு சதம் கூடக் கேட்கவில்லை. அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். பெற்றோல் தாங்கியில் ஒரு கீறல் இல்லை, கயிறு படும் இடமெல்லாம் சாக்கு மடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு கவனம்.

அந்தக் கவனத்தில் ஒன்று மட்டும் பிழையாகிவிட்டது. வண்டியைச் சைட் ஸ்டாண்டில் நிறுத்திவைத்துக் கட்டியிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின் பாரம் பெரும்பாலும் இரண்டு சக்கரத்திலும்தான் இறங்குகிறது. ஸ்டாண்டுக்கு வருவது அதில் ஒரு பங்குதான், அதற்கு அளவாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சீற்றுக்கு மேலால் நைலோன் கயிற்றைப் போட்டு இரண்டு பேர் காலை ஊன்றி இழுத்துக் கட்டினால், அந்த இழுவையும் ஸ்டாண்டின் தலையில் ஏறுகிறது. பிறகு லொறி பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் வண்டி கீழே குத்துகிறது. கொழும்பிலிருந்து இங்கே 260 கிலோமீற்றர் அளவில். ஸ்டாண்டின் கம்பி தடித்த இரும்பு, அது வளையவில்லை. சட்டத்தில் அந்த ஸ்டாண்டைப் பூட்டும் காது இருக்கிறதல்லவா, அதுதான் வளைந்தது. அங்கே ஒரு நூலளவு வளைந்தால் அடியில், தரையைத் தொடும் இடத்தில், விரல் அளவு விலகிவிடும்.

விடிய நாலரை இருட்டில் இதை யார் பார்ப்பது? நான் கீறல் இருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் தாங்கியைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் அதே வகை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. என் ஹாண்டில் நாலு விரல்கடை தாழ்ந்து நின்றது. அவருடையது நிமிர்ந்து நிற்க, என்னுடையது களைத்துச் சுவரில் சாய்ந்த ஆளைப் போல. விற்ற கடைக்கு அழைத்தேன். ஏற்றி இறக்கியதில் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள், அது நியாயமும்தான். லொறி அண்ணைக்கு அழைத்தேன். மெய்யாகவே வருத்தப்பட்டார். "எல்லாத்தையும் இப்பிடித்தானே தம்பி ஏத்துறனாங்கள்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள் என்றால், எத்தனை பேருடைய புது வண்டி இந்த வீதியில் இப்படி முதுகு வளைந்து வந்திருக்கும்?

பதினொரு மாதம், 9,300 கிலோமீற்றர். எஞ்சின் பற்றி எழுத ஒன்றுமில்லை, அருமை. லீற்றருக்கு 45க்குக் குறையாமல் தருகிறது, பிரேக் நம்பலாம், நிலாவெளியிலிருந்து நகரத்துக்குத் தினம் போய்வந்தும் முதுகு நோவதில்லை. ஆனால் ஒரு வண்டியைச் சொந்தக்காரன் ஒரு நாளில் எத்தனை தரம் நிறுத்துகிறான் என்று எண்ணிப் பாருங்கள். கடை, வங்கி, கோயில், வீடு. ஒவ்வொரு தரமும் இறங்கியதும் விட்டுவிட்டுப் போக முடியாது. நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது, மணலா தாரா என்று பார்த்து, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, அப்போதும் மனம் கேட்காமல் திரும்பிப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கம் எல்லோரும் ஸ்டாண்டுக்கடியில் ஓட்டுத் துண்டு வைப்பார்கள். நான் ஒரு பலகைத் துண்டைப் பையிலேயே கொண்டு திரிந்தேன்.

கோணேசர் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிறுத்தியிருந்தேன். அங்கே மான்கள் ஆட்களுக்குப் பழகியவை, கையில் பை கண்டால் மோந்துகொண்டு வரும். இடப்பக்க ஹாண்டிலில் வாழைப்பழப் பையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் திரும்பினேன். ஒரு மான் பையை இழுத்தது, அவ்வளவுதான். நேராக நிற்கும் வண்டி என்றால் அந்த இழுவைக்கு அசைந்திருக்கவும் மாட்டாது. கிளச் லீவர் முறிந்தது, இண்டிகேட்டர் உடைந்தது. மானுக்கு ஒன்றும் ஆகாதது நிம்மதி.

அதைவிடப் பயந்தது கிண்ணியாப் பாலத்தில். ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் நிற்கிற மாதிரி இந்த வண்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ பேரை விழாமல் காத்திருக்கும். ஆனால் காது வளைந்தபடியால் மடக்கிய ஸ்டாண்ட் அந்தச் சுவிட்சில் சரியாகப் படுவதில்லை. குலுங்கும்போது விலகிவிடும். பாலத்தின் நடுவில், பின்னால் மணல் டிப்பர் ஒன்று வர, எஞ்சின் சட்டென்று நின்றது. ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நின்றபோது கால் நடுங்கியது. அன்றிரவு முழுவதும் அந்தக் கயிறுதான் கண்ணுக்குள் நின்றது.

திருத்துவதிலும் முதலில் தவறிவிட்டேன். புது ஸ்டாண்ட் 3,800 ரூபாய்க்கு வாங்கிப் பூட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை, ஏனென்றால் பழுது ஸ்டாண்டில் இல்லை. திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் தரையில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் காதைக் காட்டினார். நேற்று அவர்தான் செய்தார். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்து, பற்றரி இணைப்பை எடுத்து (எலெக்ட்ரிக் வெல்டிங் மின்சாரம் வண்டியின் மூளைப் பெட்டியைச் சுட்டுவிடக் கூடாதல்லவா), காதை நிமிர்த்தி, பின்னால் ஒரு துண்டு இரும்பு வைத்து ஒட்டினார். சுட்ட இடத்தில் கறுப்பு வர்ணம் அடித்தார். இந்த உப்புக் காற்றில் அந்த இடத்தில் எப்போது துரு பிடிக்கும் என்று தினமும் குனிந்து பார்க்கத்தான் போகிறேன். ஆனால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நேற்றிரவு மூன்று தரம் வெளியே வந்து பார்த்தேன்.

சரி, லொறியில்தான் வர வேண்டும் என்றால், ஏற்றும் இடத்தில் நீங்களே நில்லுங்கள். ஸ்டாண்டை மடக்க வைக்க வேண்டும். முன் சக்கரத்தை லொறியின் முன்பலகையோடு முட்டக் கொடுத்து, வண்டி தன் இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நிற்க, நாலு பக்கமும் கட்ட வேண்டும். முன்னால் ஹாண்டில் நுனியில் கட்டக் கூடாது, ஹாண்டிலுக்குக் கீழே போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்) இரண்டையும் பிடித்திருக்கும் தட்டில் கட்ட வேண்டும். பின்னால் சட்டத்தில். முன் போர்க் பாதி அமுங்கினால் போதும், அடியோடு அமுக்கிவிட்டால் அதில் ஓயில் ஒழுகாமல் தடுக்கும் சீலுக்கு ஆகாது. கயிறு வழியில் தளரும், ரட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டி) என்று கேட்டு நாலு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இறக்கும்போது வெளிச்சம் வரும்வரை அவர்களை மறித்து வைத்து, முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள். அந்த அண்ணை இதையெல்லாம் சொன்னால் கேட்பார், முகம் சுளிக்க மாட்டார். 9,000 ரூபாய்க்கு அவரைவிட நேர்மையாக ஒருவரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகும் நம்பரை அனுப்பவில்லை. தம்பியின் வண்டியை லொறியில் ஏற்ற எனக்கு மனமில்லை. கணக்குப் பார்த்தாலும் ஓட்டி வர பெற்றோல் ஆறு லீற்றர்தான், லொறிக் கூலிக்குக் கிட்டவும் வராது. முதல் 1000 கிலோமீற்றர் பற்றிய என் பயமும் பாதி தேவையில்லாதது. கையேட்டைப் பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். உச்சத்துக்கு இழுக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடித்துவைக்காதே என்றுதான் இருக்கிறது, ஓட்டாதே என்று இல்லை. ஏற்ற இறக்கமும் வளைவும் சந்தைத் தெருக்களும் உள்ள இந்த வீதியில் ஒரே வேகத்தில் ஓட்டவும் முடியாது.

அவனுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். வண்டியின் பதிவு நம்பர் வந்து, பதிவுக் கடதாசி கையில் கிடைக்கும்வரை வண்டியை எடுக்காதே. எடுக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் நான் வருகிறேன். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டி, அம்பேபுஸ்ஸவில் சாப்பிட்டு, தம்புள்ளையில் எஞ்சின் ஆறவிட்டு, வெயில் இருக்கும்போதே ஹபரணைக் காட்டைத் தாண்டிவிடலாம். கந்தளாயில் தயிர் வாங்க வேண்டும், அம்மா இப்போதே சொல்லிவிட்டா.

"அப்ப லொறி வேண்டாமா அண்ணா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.