போஸ்டரைஸ் கருவியோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "போட்டோவில் வானம் வழவழவென்று இல்லாமல் படிப்படியாகப் பட்டை விழுந்த மாதிரி வேண்டும். எப்படிச் செய்வது?" நான் ஆறு வருடமாக ஒழிக்கப் பாடுபடும் அதே பேண்டிங், அதாவது நிறம் பட்டை பட்டையாகப் பிரிவது! ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. எடிட்டிங்கில் நான் அதிகம் நோண்டிய கருவியே, நிறங்களை ஒருசில படிகளாகக் குறைக்கும் போஸ்டரைஸ்தான்.

ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் வானத்தில் நீலம் 180-லிருந்து 210 வரைதான் மாறுகிறது என்று வையுங்கள். 3000 பிக்சல் தூரத்துக்கு வெறும் 30 படி. பட்டை ஒன்றுக்கு 100 பிக்சல் அகலம். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் மாற்றும் கர்வ்ஸை இழுத்தால் இன்னும் மோசம், எந்தப் படியில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் பல் உதிர்ந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். போதாததற்கு, பட்டைகள் சேரும் ஓரத்தை நம் கண்ணே கூட்டிக் காட்டும். இதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே விளக்கியிருக்கிறார். இந்தத் தொல்லைக்கு, படிகள் பல மடங்கு அதிகமான 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் துளி நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவுவதுதான் என் வைத்தியம்.

போஸ்டரைஸ் இதே கணக்கை வேண்டுமென்றே செய்கிறது. ஸ்லைடரை 6-க்கு இறக்கினால் சேனலுக்கு ஆறே படி. நேரடியாகப் போட்டால் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிரும். படத்தை 16 பிட்டுக்கு மாற்றி, முதலில் நன்றாகப் பிளர் செய்து (மங்கலாக்கி), அப்புறம் போஸ்டரைஸ் போட்டுப் பாருங்கள். மேகத்தைச் சுற்றி நிலப்பட உயரக்கோடுகள் போல வளைவுகள் விழும். முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் கையை எடுக்கவே மனசு வரவில்லை.

இத்தனை வருடமாக ஆறாத எரிச்சல் ஒன்றும் உண்டு. இந்தக் கருவி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக வெட்டுகிறது. நான்கு படி கேட்டால் நான்கு நிறம் வராது, 64 வரை வரலாம். அந்தி வானத்தில் சிவப்பு ஓரிடத்தில் படியிறங்கும், நீலம் வேறிடத்தில் ஏறும். நடுவில், ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் இடையே, படத்தில் இல்லவே இல்லாத ஒரு பாசிப்பச்சைக் கீற்று முளைக்கும். படியை ஒன்று கூட்டினால் அது ஊதாவாகி வேறிடத்தில் உட்காரும். அந்தக் கீற்றை அழிப்பதற்கென்றே சில இரவுகள் போயின. நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லூமினாசிட்டி மோடில் வைத்தால் அடங்குகிறது, ஆனால் பட்டையின் உறைப்பும் அதோடு போய்விடுகிறது.

ஆகவே நண்பரிடம் போஸ்டரைஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளர் செய்த படத்தின் மேல், வெளிச்ச அளவுக்கு ஏற்ப நாம் தரும் நிறங்களைப் பூசும் கிரேடியன்ட் மேப் போட்டு, அதில் ஓரம் கலக்காத ஆறு நிறங்களை உங்கள் இஷ்டப்படி அடுக்குங்கள். பிஎன்ஜியாகவே சேமியுங்கள், ஜேபெக் என்றால் அந்த ஓரங்களை அழுக்காக்கும் என்றேன். சரி என்று போனார். நான் மறுபடி போஸ்டரைஸைத் திறந்து அதே வானத்தை 5 படியில் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கீற்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.