ஆறு போன், ஒரே கச்சேரி: ஆடியோவை ஒட்டவைக்க எந்த முறை?

ஒரே கச்சேரியை ஆறு பேர் ஆறு போனில் பதிவு செய்திருக்கிறார்கள், அதையெல்லாம் ஒரே டைம்லைனில் உட்கார வைக்க வேண்டும். பைத்தானில் இதற்கு முக்கியமாக இரண்டு வழி. ஒரு போனை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் அதோடு கிராஸ் கோரிலேஷன் செய்து (ஒன்றின் மேல் மற்றொன்றை நகர்த்தி நகர்த்தி எங்கே அதிகம் பொருந்துகிறது என்று பார்த்து) ஒவ்வொன்றையும் எவ்வளவு நகர்த்துவது என்று கண்டுபிடிப்பது ஒன்று. எல்லா ஜோடிகளுக்கும் அதையே செய்து, கிடைத்த விடைகளை லீஸ்ட் ஸ்கொயர்ஸில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி செய்யும் கணக்கில்) போட்டு சமன் செய்வது இன்னொன்று. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டவன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

எல்லா நகர்வுகளையும் ஒரு ஆப்டிமைசரிடம் (சிறந்த விடையைப் படிப்படியாகத் தேடும் நிரலிடம்) மொத்தமாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், தாளம் உள்ள இசையில் வழியெங்கும் ஓரளவு பொருந்தும் இடங்கள், அதாவது சின்னச் சின்ன முகடுகள், ஏதாவது ஒன்றில் ஏறி நின்றுவிடும்.

முதல் முறையில் கோட் பத்து வரிதான். வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை, சைபை என்ற பைத்தான் லைப்ரரி எஃப்எஃப்டி என்ற வேகமான கணக்கு முறை வழியாகச் செய்துவிடும். ஆறு போனுக்கு 15 ஜோடி என்பதும் பெரிய சுமை இல்லை; 60 பதிவு என்றால் 1,770 ஜோடி, அப்போது யோசிக்கலாம்.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: விடை தப்பு என்றால் அது நமக்குத் தெரிய வேண்டும். மிருதங்கம் அரை விநாடிக்கு ஒரு அடி என்று போகும்போது, கோரிலேஷனின் முகடு ஒரு அடி தள்ளிப்போய் உட்காருவது சகஜம். முதல் முறையில் அது தெரியவே தெரியாது, ஒப்பிட வேறு விடை இல்லை. ஜோடி முறையில் 1-க்கும் 2-க்கும் 0.40 விநாடி, 2-க்கும் 3-க்கும் 0.25 என்றால், 1-க்கும் 3-க்கும் 0.65 வந்தாக வேண்டும், 1.15 வந்தால் எங்கோ ஒரு அடி தாவியிருக்கிறது. ஆறு போனில் ஒரே ஒரு ஜோடி இப்படி 0.5 தப்பினால், சமன் செய்த பிறகு அந்த ஜோடியில் 0.33 விநாடி பொருந்தாமல் மிச்சம் நிற்கும், அதன் இரு போன்களில் ஒன்று வரும் மற்ற ஜோடிகளில் 0.08, மீதி எல்லாம் சுழி. குற்றவாளி தனியாகத் தெரிவான். அந்த ஜோடியைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

இதற்குப் பெரிய மேட்ரிக்ஸ்கூட வேண்டாம். எல்லா ஜோடியும் இருந்து, அவற்றுக்குக் கணக்கில் தரும் எடையும் சமம் என்றால், ஒரு போனுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசங்களைக் கூட்டி ஆறால் வகுத்தாலே அந்த போனின் நகர்வு வந்துவிடும். ஜோடியைத் தூக்கிய பிறகுதான் நம்பை என்ற பைத்தான் லைப்ரரியில் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போடும் எல்எஸ்டிஎஸ்க்யூ தேவைப்படும். நிலநடுக்க அலைகளுக்கு ஆய்வாளர்கள் வான்டெகாரும் கிராஸனும் 1990-இலேயே எழுதிய வழிதான் இது, புதுசு ஒன்றும் இல்லை.

ஆனால் இதையும் ஏமாற்றலாம். பாக்கெட்டுக்குள் கிடந்த போனின் ஐந்து ஜோடிகளும் ஒரே அளவு, ஒரே பக்கம் தாவினால் கணக்கு அழகாக மூடிக்கொள்ளும், விடை மட்டும் தப்பு. அதற்கு கைதட்டல் வரும் இடத்தை ஒருமுறை காதால் கேட்டுப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்று மணி நேரக் கச்சேரி என்றால் இரண்டு முறையுமே அப்படியே சரிப்படாது. இரண்டு போன் கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிவிநாடி விலகும். நான் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுகிறேன். டைனமிக் டைம் வார்ப்பிங் (ஒரு பதிவை ஆங்காங்கே இழுத்தும் சுருக்கியும் இன்னொன்றோடு பொருத்துவது) இன்னும் நன்றாக வருமோ என்னவோ, அதை நான் நீளமான பதிவில் ஓட்டிப் பார்த்ததில்லை.