டர்பனில் ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, பிட்வார்டன்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு வந்து சில வருடம் ஆகிறது. ஆண்ட்ராய்டு ஃபோனிலும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி ஓடும் என்பதுதான் மாறக் காரணம். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் டேட்டா ஒன்றும் மலிவில்லை. விளம்பரம் இறங்காமல் இருந்தாலே மிச்சம்.

கணினியில் கன்டெய்னர் நீட்சியும் போட்டிருக்கிறேன். வங்கிக்கு ஒரு நிறத் தாவல், கடைகளுக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று; ஒன்றின் குக்கீ (தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைக்கும் குறிப்பு) மற்றதற்குத் தெரியாது. சோபா விலை பார்த்துவிட்டு ஃபேஸ்புக் போனால் அங்கேயும் சோபா வந்து நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஃபோனில் மட்டும் இந்த வசதி இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபயர்ஃபாக்ஸ்காரர்களின் ரிலே சேவை. நம் மின்னஞ்சலை மறைத்து ஒரு முகமூடி முகவரி தரும், அதற்கு வருவதை நமக்கு அனுப்பிவிடும். இலவசமாக 5 கிடைக்கும். அவற்றிலிருந்து பதில் எழுத வேண்டுமென்றால் காசு. இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கடையின் லாயல்டி கார்டுக்கு ஒன்றைக் கொடுத்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் கந்தரகோளத்தைக் கவுன்டரில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "அங்கிள், ஜிமெயில் இல்லையா?" என்றாள் அந்தப் பெண், ஆங்கிலத்தில். சில மாதத்தில் அதே முகவரிக்குக் கடன் விளம்பரமும் ஈமச்சடங்குக் காப்பீடும் வரத் தொடங்கின. அந்தக் கடையைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் போப்பியா என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. என் தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால் காசு வாங்காமல் சொல்லியாக வேண்டும் என்கிறது 23ஆம் பிரிவு. கேட்டேன். முகமூடியிலிருந்து அனுப்ப முடியாததால் சொந்த முகவரியிலிருந்தே எழுத வேண்டியதாயிற்று (அது வேறு வேடிக்கை). 'மார்க்கெட்டிங் கூட்டாளிகள்' என்று மழுப்பலாக ஒரு பதில் வந்தது. சரி என்று ரிலேயில் அந்த முகவரியை அணைத்தேன். அன்றோடு தொல்லை ஒழிந்தது.

கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பிட்வார்டனில் குறை சொல்ல எதுவுமில்லை, இலவசத் திட்டமே போதும். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் மீட்டுத்தர முடியாது என்பதால் மனைவி அதைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறாள்.

இவை எதுவும் அடைக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. வங்கியும் மருத்துவக் காப்பீடும் அனுப்பும் பிடிஎஃப்களுக்குப் பெரும்பாலும் நம் தேசிய அடையாள எண்தான் கடவுச்சொல். மொத்தம் 13 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்று காட்டும். அதையேதான் குடியிருப்பு வளாகங்களின் கேட்டில், முன்னால் வந்தவர் எண்ணுக்குக் கீழே, நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போகிறோம். பூட்டுப் போட்டு என்ன பயன்? வங்கி ஸ்டேட்மென்ட்டை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தளத்துக்குள் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். காப்பீட்டுக்காரர்கள்தான் எவ்வளவு சொல்லியும் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.