பையா, டப்பாவா, தண்ணீர்த் தொட்டியா? கிருஷ்ணகிரி வீட்டுக்கு ஏற்ற ரோபோ வேக்குவம்

"ஏன் கண்ணு, அது கூட்டற குப்பையை அப்புறம் யாரு கொட்டறது?"

ரோபோ வேக்குவம், அதாவது தானாக ஓடித் தரையைக் கூட்டும் மெஷின், வாங்கலாம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாதாரண ரோபோ ஒன்றை வாங்கி வந்தேன். நன்றாகத்தான் கூட்டியது. ஆனால் அதன் உள்ளே இருக்கும் குப்பை டப்பா அரை லிட்டர்கூடக் கொள்ளாது. எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம். லாரிப் புழுதி, செம்மண், வாசல் கோலமாவு எல்லாம் சேர்ந்து தினமும் டப்பா நிரம்பிவிடும். நாங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு அம்மாதான் அதைக் கழற்றிக் கொல்லையில் தட்டுவார். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. சீமாறு போட்டுக் கூட்டும்போது தரையோடு கிடந்த தூசி, இப்போது ஒரே இடத்தில் சேர்ந்து முகத்துக்கு நேராக எழும்பியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் இன்ஹேலர் இருக்கும்.

அப்புறம்தான் குப்பையைத் தானே கொட்டிக்கொள்ளும் வகையைத் தேட ஆரம்பித்தேன். வேலையை முடித்த ரோபோ அதன் ஸ்டேஷனுக்கு, அதாவது சார்ஜ் ஏற நிற்கும் இடத்துக்குத் திரும்பும். ஸ்டேஷனில் உள்ள பெரிய மோட்டார் 10, 15 விநாடி உறுமி, டப்பாவில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். 2018இல் ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா ஐ7 பிளஸ் வந்த பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. இன்று எக்கோவாக்ஸ், டிரீமி, ரோபோராக், ஷாவ்மி என்று பலரும் செய்கிறார்கள். பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் வீட்டுக்கு எது சரி என்பதை ஸ்டேஷன்தான் தீர்மானிக்கிறது. ஸ்டேஷன் மூன்று விதம்: குப்பை பைக்குள் போவது, பையில்லாமல் டப்பாவில் சேர்வது, குப்பையும் எடுத்து மாப் துணியையும் கழுவிக் காய வைப்பது. முதலாவது எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடுகிறது. இரண்டாவது தர்மபுரியில் அக்கா வீட்டில், மூன்றாவது ஓசூரில் சித்தப்பா பையன் ஃபிளாட்டில். மூன்றையும் நாள் கணக்கில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

பையும் டப்பாவும்

பை வகையில் இரண்டரை, மூன்று லிட்டர் பை இருக்கும். இரண்டு மாதம் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் வருகிறது, பங்குனி சித்திரையில் 25 நாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்த ஊர்ப் புழுதிக்கு அவ்வளவுதான் வரும். இதன் அருமை பையை எடுக்கும்போது தெரியும். அட்டைக் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு பொட்டுத் தூசி வெளியே வராது. அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிடலாம்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "மாசாமாசம் பைக்கு எதுக்குடா காசு?" என்கிறாள். நியாயமான கேள்விதான். பை ஒன்று 400 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 12 பை, 4,800 ரூபாய். அவளுடைய டப்பா வகைக்கு அந்தச் செலவே இல்லை. காற்றைச் சுழற்றிக் குப்பையைக் கீழே தள்ளும் கண்ணாடி மாதிரியான டப்பா அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டுகிறாள். கொட்டுகிறபோது பார்க்க வேண்டும், டப்பாவின் அடிமூடியைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழும்பி, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும். டப்பாச் சுவரில் கோலமாவு அப்பிக்கொண்டிருக்கும், தட்டினாலும் வராது, துணி போட்டுத் துடைக்க வேண்டும். ஃபில்டரைக் கழுவி முழுசாக ஒரு நாள் காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒருமுறை அரைகுறை ஈரத்தோடு மாட்டிவிட்டாள். இரண்டு நாளில் வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். இருந்தாலும் அவளுக்கும் மாமாவுக்கும் மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லை, மாடியும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு டப்பா சரி. எங்கள் வீட்டுக்கு அது ஆகாது. தூசியை அம்மா முகத்திலிருந்து தள்ளி வைக்கத்தானே இதை வாங்குவதே!

பை வகையில் இரண்டு தவறுகள் செய்யக் கூடாது. மலிவுப் பை வாங்கக் கூடாது. நான் ஒருமுறை பாதி விலையில் கிடைக்கிறதென்று பத்துப் பை வாங்கினேன். அட்டைக் கழுத்து சரியாக உட்காரவில்லை, துணியும் மெலிசு. இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் பை இருக்கும் அறை முழுக்கப் பவுடர் பூசியதுபோல இருந்தது. மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, உறிஞ்சும் சத்தமே மாறிவிட்டது. இன்னொன்று, பையின் அடியைக் கிழித்துக் கொட்டிவிட்டு கிளிப் போட்டுத் திரும்ப மாட்டுவது. சிக்கனம் புரிகிறது. ஆனால் பையின் துணியே ஒரு ஃபில்டர், அதன் கண்களில் நுண்தூசி ஏறிய பிறகு காற்று போகாது. கிழிக்கும்போது தூசியும் உங்கள் மேல்தான் படும்.

பையோ டப்பாவோ, இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. புளி சீசனில் அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து புளி தட்டுவார். தெறித்துப்போன கொட்டைகளை ரோபோ எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் உறிஞ்சும்போது ஒரு கொட்டை குழாயின் வளைவில் குறுக்காக மாட்டிக்கொள்ள, அதன் பின்னால் முடி, பூக்கட்டும் நார், தூசி எல்லாம் சேர்ந்து தக்கை மாதிரி அடைத்துவிட்டது. வழக்கமான உறுமல் விசில் சத்தம்போல ஆனதும்தான் கவனித்தேன். ஸ்டேஷனைக் கவிழ்த்து, அடித்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கம்பியால் இழுத்து எடுத்தேன். வாங்கும் முன் ஸ்டேஷனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் குழாயின் மூடி கையாலோ சாதாரண ஸ்க்ரூ டிரைவராலோ திறக்கும்படி இருக்க வேண்டும்.

தண்ணீர்தான் பிரச்சினை

சித்தப்பா பையனுடைய ஸ்டேஷன் விலை எங்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். துடைக்கிற விஷயத்தில் அது மற்ற இரண்டையும் விடப் பல படி மேல், சந்தேகமே இல்லை. எங்கள் ரோபோ ஒரு ஈரத்துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். ஹால் பாதி தாண்டுவதற்குள் துணி அழுக்காகி, அந்த அழுக்கையே மீதி அறைக்கும் பூசும். அவனுடையதில் இரண்டு வட்டத் துணிகள் அழுத்திச் சுழல்கின்றன, அறைக்கு அறை திரும்பி வந்து கழுவிக்கொள்கின்றன, கடைசியில் சூடான காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் காய்கின்றன. மாம்பழ சீசனில் குழந்தை சிந்திய சாற்றுப் பிசுக்குகூடப் போய்விட்டது.

ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் தொடங்கினார்கள். உப்பும் கூடவே இருக்கிறது. அவன் முதலில் போர் தண்ணீரைத்தான் ஊற்றினான். மூன்று மாதத்தில் துணி கழுவும் தட்டில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது, தண்ணீர் பீய்ச்சும் துளைகளில் ஒன்று அடைத்தது. தரையில் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகத் திட்டு. இப்போது ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறான். ஆர்ஓவில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை மாப் போடப் பிடித்து வைக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. வாளி மாப்புக்கு அது பரவாயில்லை. இந்தத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சாதாரணப் போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

அழுக்குத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. நிரம்பியதென்றால் நாலு லிட்டர், நாலு கிலோவுக்கு மேல் கனக்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் மூடியைத் திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனும் அவன் மனைவியும் மாற்றி மாற்றித் தூக்கி ஊற்றுகிறார்கள். பகலில் அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் அதை யார் தூக்குவது?

கறுப்புக் கல்லில் நிற்கும் ரோபோ

இதை எந்த விளம்பரமும் சொல்லாது. ரோபோவின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சார்கள் இருக்கும். அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வந்தால் தரை, வராவிட்டால் படிக்கட்டு. கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடும். கிரானைட் ஊரில் வீடு கட்டிய நாமோ கறுப்பு கிரானைட்டை பார்டராக, நிலைப்படியாக, சில வீடுகளில் ஹால் முழுக்கவே போட்டிருக்கிறோம்.

எங்கள் பழைய ரோபோ ஹாலிலிருந்து அம்மா அறைக்குப் போகும் வழியில் நாலு அங்குலக் கறுப்புப் பட்டை முன்னால் நிற்கும். பின்வாங்கும், கொஞ்சம் திரும்பும், மறுபடி வந்து நிற்கும். "பள்ளம்னு பயப்படுது போல" என்று அம்மாதான் சரியாகச் சொன்னார். வீட்டில் அதிகம் தூசி எடுக்க வேண்டிய அந்த அறைக்கு மட்டும் அது போகவே இல்லை. சென்சார் மேல் வெள்ளைப் பேப்பரை ஒட்டினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகத்தான் செய்யும். ஆனால் உள்ளே மாடிப்படி இருக்கிற வீட்டில் அப்படிச் செய்தால் மேலே ஓடும்போது படியில் உருண்டுவிடும்.

புதியதை வாங்கும்போது கிரானைட் கடையில் கேட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி மெல்லிய கறுப்பு டைல் ஒன்றை வாங்கிக் கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் தரையில் போட்டு, மூன்று ரோபோக்களை அதன் மேல் விட்டுக் காட்டினார். இரண்டு விளிம்பில் நின்றுவிட்டன, ஒன்று ஏறிப் போனது. அதைத்தான் வாங்கினேன். உங்கள் வீட்டில் கறுப்புக் கல் ஒரு துண்டு இருந்தாலும் இதைச் செய்து பாருங்கள்.

மற்றவை

உறிஞ்சும் சக்திக்கு ஆயிரக்கணக்கில் பாஸ்கல் எண் போடுவார்கள். டைல், கிரானைட் தரைக்குக் குறைந்த எண்ணே போதும், கார்பெட் வீட்டுக்குத்தான் அது முக்கியம். கரண்ட் பில் பயம் வேண்டாம். 14.4 வோல்ட், 5,200 மில்லியாம்பியர் பேட்டரி முழுக்கத் தீர்ந்து தினமும் ஏறினாலும், இழப்பையும் சேர்த்து மாதத்துக்கு மூன்று யூனிட்டை ஒட்டித்தான் வரும். இன்வெர்ட்டரில் மட்டும் ஸ்டேஷனை மாட்டாதீர்கள். குப்பை உறிஞ்சும் அந்தப் பத்து விநாடிக்குச் சில ஸ்டேஷன்கள் 1,000 வாட் வரை இழுக்கும், 850 விஏ இன்வெர்ட்டர் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். நிறைய ரோபோக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர், இழுப்புள்ளவர், கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் பை வகையை வாங்குங்கள், துடைக்கும் வேலையை வாளி மாப்புக்கே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. அம்மா காலையில் செடிக்குத் தண்ணீர் விட வெளியே போகும் நேரத்துக்கு ரோபோவை வைத்திருக்கிறேன். மாடிப்படிக்கு அடியில் ஸ்டேஷன். பை மாற்றுவது மாதத்தின் முதல் ஞாயிறு, அது என் வேலை. மெஷின் வாங்கும்போதே ஆறு பையும் இரண்டு ஃபில்டரும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடுங்கள். பக்கத்துக் கடையில் போய்க் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை இது. ஆர்டர் போட்டு வந்து சேரும்வரை குப்பையை மறுபடி கையால் தட்ட வேண்டியிருக்கும்.